குளிர்காலத்தில் வீட்டுத் தீ: வராமல் காப்பதும், வந்த பின் மீள்வதும் – முழுமையான வழிகாட்டி

குளிர் தொடங்கியதும் வீட்டின் அமைப்பே மாறிவிடுகிறது. ஹீட்டர் அறைக்குள் வருகிறது, கணப்படுப்பு மூட்டப்படுகிறது, ஈரத் துணி வெளியே காயாததால் உள்ளேயே கொடி கட்டப்படுகிறது, கம்பளிகளும் கனத்த திரைச்சீலைகளும் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. எரிக்கக்கூடிய பொருளும் எரியக்கூடிய பொருளும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஜன்னல்களோ மூடிக் கிடக்கின்றன. குளிர்கால வீட்டுத் தீக்களில் பல இந்த நெருக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே, தீயைத் தடுப்பது என்பது முதன்மையாகத் தூரத்தைக் காப்பதுதான். அதையும் மீறித் தீ வந்துவிட்டால், மிஞ்சியதைக் காப்பாற்றுவது பொறுமை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதல் படி: ஹீட்டருக்கு இடம் ஒதுக்குங்கள்

அறையில் வைக்கும் எந்த ஹீட்டரைச் சுற்றியும், எல்லாத் திசைகளிலும், குறைந்தது 1 மீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும். கட்டில் விரிப்பின் தொங்கும் ஓரம், திரைச்சீலை, சோபா, செய்தித்தாள் அடுக்கு, நாற்காலி முதுகில் போட்ட துண்டு ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கில் சேரும். காலையில் இருந்த இடைவெளி இரவில் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். குழந்தை தலையணையை இழுத்து வருகிறது, குளிரும்போது நாமே ஹீட்டரைக் கட்டிலுக்கு அருகே நகர்த்துகிறோம். எனவே ஹீட்டரின் இடத்தைத் தரையில் ஒரு நாடா ஒட்டிக் குறித்து வைப்பது நல்லது. அந்தக் கோட்டுக்குள் எதுவும் வரக்கூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் புரியும்.

ஹீட்டரை மேசை மேலோ ஸ்டூல் மேலோ வைக்காமல் சமமான, கடினமான தரையில் வையுங்கள். சாய்ந்தால் தானே அணையும் வசதி அதில் இருக்கிறதா என்பதை ஒருமுறை சாய்த்துப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். அறையை விட்டுப் போகும்போதும் தூங்கும் முன்பும் அதை அணைத்துவிட வேண்டும். தூங்கும் நேரத்தில் ஓடும் ஹீட்டரை எவ்வளவு நல்ல கருவியானாலும் நான் ஏற்கமாட்டேன். படுக்கும் முன் அறையைச் சூடாக்கிவிட்டு, அணைத்துவிட்டு, போர்வையை நம்புவதே முறை. ஹீட்டரின் மேல் துணி உலர்த்துவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

இரண்டாம் படி: பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்

ஹீட்டரை நேரடியாகச் சுவர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். காரணம் தெரிந்தால்தான் கடைப்பிடிக்க மனம் வரும். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டின் உள்ளே அதைக் கவ்வும் உலோகத் தகட்டுக்கும் இடையே பிடிப்பு தளர்ந்து, அங்கே வெறும் அரை ஓம் தடை ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கிடைப்பது அந்த இடத்தில் உருவாகும் வெப்பம். இங்கே அது சுமார் 38 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயர்னின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சால்டரிங் அயர்னை வைத்து மணிக்கணக்கில் மூடி வைத்ததற்குச் சமம். மின்னோட்டம் அளவை மீறவில்லை என்பதால் பியூஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது. காவலாளி என்று நாம் நம்பும் கருவிக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது.

ஆகவே ஹீட்டர் அரை மணி நேரம் ஓடிய பின், அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பானது. கை வைக்க முடியாத சூடு இயல்பானது அல்ல. என் வீட்டில் அப்படிச் சுட்ட ஒரு பிளக்கை உருவிப் பார்த்தபோது, ஒரு பின்னின் அடிப்பகுதியில் பழுப்பு நிற வளையம் ஒன்று படிந்திருந்தது. சாக்கெட்டின் துளை ஓரம் மெழுகு போல் இளகி உள்வாங்கியிருந்தது. இரண்டு நாட்களாக அறையில் மீன் வாடை போல ஒன்று வந்ததற்கும் காரணம் அதுதான். சூடேறிய மின்பொருட்களின் பிளாஸ்டிக் பல நேரங்களில் அப்படித்தான் நாறும். சமையலறையில் மீன் இல்லாதபோது மீன் வாடை வந்தால் சாக்கெட்டுகளைத் தேடுங்கள். நிறம் மாறிய சாக்கெட்டைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயரைத் தவிர்க்கவே முடியாத மற்றக் கருவிகளுக்கு, வயரை முழுவதும் பிரித்து விடுங்கள். சுருட்டிய நிலையில் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும். கம்பளத்துக்கு அடியில் வயரை ஓட்டுவதும் அதே தவறுதான்.

மூன்றாம் படி: கணப்பும் புகைபோக்கியும்

விறகு எரிக்கும் வீடுகளில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், புகைபோக்கிக்குள் சேர்கிறது. ஈர விறகு மந்தமாக எரியும். அதன் புகையில் எரிந்து தீராத தார் போன்ற பொருட்கள் இருக்கும். அந்தப் புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் படும்போது கிரியோசோட் என்னும் கறுப்புப் படிவமாக உறைகிறது. அது தானே ஒரு நல்ல எரிபொருள். ஒருநாள் நெருப்பு பலமாக எரியும்போது அந்தப் படிவம் பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள்ளேயே தீ உறுமத் தொடங்கும். விரிசல் இருந்தால் கூரை மரங்களுக்குப் பரவும்.

எனவே ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன், புகைபோக்கியைப் பரிசோதித்துச் சுத்தம் செய்யுங்கள். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதற்கென்று மலிவான அளவிகள் உண்டு. அளவி இல்லையென்றால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு மொத்தென்று விழும். காய்ந்த விறகின் முனைகளில் வெடிப்புகளும் தெரியும்.

சாம்பலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்பது தமிழில் உவமை மட்டுமல்ல, நேரடியான எச்சரிக்கை. சாம்பல் சிறந்த வெப்பக் காப்பு. அதன் அடியில் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். இரண்டு நாள் ஆறிய சாம்பல் என்று நினைத்து அட்டைப் பெட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ அள்ளி வாசலில் வைத்த பிறகு பற்றியெரிந்த வீடுகள் உண்டு. மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் அள்ளி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, வீட்டிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, வெறும் தரையில் வையுங்கள்.

கரி அடுப்பு, தணல் சட்டி ஆகியவற்றை மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். இங்கே உயிரைப் பறிப்பது தீ அல்ல, கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அசதி என்று சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி, தூக்கத்திலேயே முடித்துவிடும். வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே வெளியே வாருங்கள். எரிபொருள் எரியும் கருவி உள்ள எந்த வீட்டிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தாக வேண்டும். ஜெனரேட்டரை ஜன்னல், கதவுகளிலிருந்து 6 மீட்டருக்கு அப்பால், வெளியே மட்டுமே ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெய் ஹீட்டரில் மண்ணெண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். அதுவும் அணைத்து, ஆறவிட்டு, வெளியே எடுத்துச் சென்று ஊற்ற வேண்டும்.

நான்காம் படி: அடுப்படியும் மற்றச் சிறு இடங்களும்

எண்ணெய் காயும்போது அடுப்பை விட்டு நகரக்கூடாது. வீட்டுத் தீக்களில் கவனிக்காமல் விட்ட சமையலே பல நாடுகளில் முதல் காரணம். எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி வீசும். அடுப்பை அணையுங்கள்; பொருந்தும் உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடுங்கள்; முழுவதும் ஆறும் வரை திறக்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது தீயைத் தன் உடலில் ஊற்றிக்கொள்வதாகும்.

மின்சாரப் போர்வையை மடித்தோ, அதன் மேல் வேறு போர்வைகளைக் குவித்தோ பயன்படுத்தக்கூடாது. மெழுகுவத்தியைச் சுற்றி 30 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். மின்வெட்டுக்கு அதைவிட டார்ச் நல்லது. துணி உலர்த்தும் எந்திரம் இருந்தால் அதன் வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுங்கள். உறைந்துபோன தண்ணீர்க் குழாயைத் தீச்சுவாலை காட்டி உருக்குவதை யாரும் செய்ய வேண்டாம். சுவருக்குள் இருக்கும் மரமும் காப்புப் பஞ்சும் கண்ணுக்குத் தெரியாமல் பற்றும். வெந்நீரில் நனைத்த துணியோ ஹேர் டிரையரோ போதும். மின் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரியை உறைபனிக் குளிரிலிருந்து கொண்டுவந்தவுடன் சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பின்னாளில் பேட்டரிக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஏற்பட வழி செய்யும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், வெளியேறும் வழியை அடைக்காத இடத்தில் சார்ஜ் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: எச்சரிக்கையும் வெளியேறும் வழியும்

தூங்கும் மனிதரைப் புகையின் வாடை எழுப்பும் என்று நம்பக்கூடாது. எழுப்புவது ஓசைதான். ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளுக்கு வெளியேயும், ஒவ்வொரு மாடியிலும் ஒரு புகை அலாரம் வேண்டும். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். 10 ஆண்டுகள் ஆனதும் முழுக் கருவியையும் மாற்றிவிடுங்கள்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்க நிறுவனமான அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. பழைய காலத்து மரம், பருத்திச் சாமான்கள் நிறைந்த அறை முழுவதுமாகத் தீப்பற்ற 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. செயற்கை இழையும் ஃபோம் மெத்தையும் நிறைந்த இன்றைய அறை 4 நிமிடங்களுக்குள் அந்த நிலையை எட்டியது. எழுந்து, புரிந்துகொண்டு, குழந்தைகளை எழுப்பி, வெளியேற அவ்வளவுதான் நேரம். அதே ஆய்வுக் குழுவினர் காட்டிய இன்னொரு உண்மை, மூடிய கதவின் வலிமை. கதவு திறந்திருந்த அறை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, கதவு மூடியிருந்த அறை 40 டிகிரிக்கும் கீழே இருந்தது. செலவே இல்லாத பாதுகாப்பு இது: இரவில் படுக்கையறைக் கதவுகளை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழிகளைக் கண்டுபிடித்து வையுங்கள். குளிருக்காக ஒட்டி அடைத்த ஜன்னல் ஒரு வழியாகாது. வெளியே எல்லாரும் கூடும் இடம் ஒன்றை முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது இருட்டில் நடந்து பழகுங்கள். முதியவரையும் குழந்தையையும் யார் அழைத்து வருவது என்பதை அன்றே பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் ஆட்கள், பிறகு தொலைபேசி. தீயணைப்பான் அதற்கும் பிறகுதான். குப்பைத் தொட்டி அளவிலான தீயை மட்டும், முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கும்போது மட்டும் அணைக்க முயலுங்கள். வீட்டில் வைக்கும் சிறு தீயணைப்பானின் தூள் பத்துப் பதினைந்து நொடிகளில் தீர்ந்துவிடும். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிபார்த்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீசுங்கள். அணையவில்லையென்றால் கதவை மூடிவிட்டு வெளியேறுங்கள். புகைக்குள் தவழ்ந்து செல்லுங்கள். நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வேறு வழி. ஆடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்துப் புரளுங்கள். வெளியே வந்த பிறகு எதற்காகவும் உள்ளே திரும்பாதீர்கள்.

தீக்காயத்தைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய், மை எதுவும் வேண்டாம். புகையைச் சுவாசித்தவர் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரலாம்.

தீ அணைந்த முதல் நாள்

இங்கிருந்து பொறுமையின் பாடம் தொடங்குகிறது. தீயணைப்புத் துறையினர் அனுமதிக்கும் வரை உள்ளே போகாதீர்கள். தரை கருகியிருக்கலாம், கூரை ஈரத்தில் கனத்திருக்கலாம், சுவருக்குள் கங்கு மிச்சமிருக்கலாம். அவர்கள் துண்டித்த மின்சாரம், கேஸ், தண்ணீர் இணைப்புகளை நீங்களே திரும்பக் கொடுக்கக்கூடாது. இரும்புப் பெட்டகம் இருந்தால், வெளியே ஆறியது போல் தெரிந்தாலும் உடனே திறக்காதீர்கள். உள்ளே பல மணி நேரம் சூடு தங்கியிருக்கும், காற்று புகுந்ததும் உள்ளிருக்கும் காகிதங்கள் அந்தக் கணமே பற்றிக்கொள்ளலாம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். எதையும் நகர்த்தும் முன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுங்கள். அலமாரிகளையும் இழுப்பறைகளையும் திறந்த நிலையிலும் எடுங்கள். அறைவாரியாகப் பட்டியல் எழுதுங்கள்: பொருள், வாங்கிய ஆண்டு, தோராய விலை. பழைய குடும்பப் புகைப்படங்களின் பின்னணியில் தெரியும் சாமான்களே பல நேரங்களில் நல்ல சான்றாகும். கருகிய பொருளை மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் குப்பையில் போடாதீர்கள். ஆனால் சேதம் மேலும் பரவாமல் காப்பது உங்கள் பொறுப்பு. உடைந்த ஜன்னலுக்குப் பலகை அடியுங்கள், கூரைத் துளைக்குத் தார்ப்பாய் போடுங்கள், அதற்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் யாராவது தாமாக வந்து அன்றைக்கே கையெழுத்து கேட்டால் கொடுக்காதீர்கள்.

குளிர்காலத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் ஒருபுறம், வெப்பமூட்டல் நின்றுபோன வீடு மறுபுறம். உறைபனிக் குளிர் உள்ள இடங்களில் மிஞ்சிய குழாய்கள் அன்றிரவே உறைந்து வெடிக்கும். எனவே பிரதான வால்வை மூடி, குழாய்களில் உள்ள நீரை வடித்துவிடச் சொல்லுங்கள். நனைந்த கம்பளத்திலும் சுவரிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அனுமதி கிடைத்ததும் முதல் வேலை நீரை இறைத்து உலர்த்துவதுதான்.

புகைக்கரியை நீக்குதல்

கறுத்த சுவரைக் கண்டதும் கை தானாக ஈரத் துணியைத் தேடும். அதுதான் பெரிய தவறு. ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்: ஈரத் துணி பட்ட இடத்தில் தூளாக இருந்த கரி மையாக மாறி, பெயின்டுக்குள் இறங்கி, விரலகலத் தீற்றலாக நிலைத்துவிடும். உலர்ந்த ரப்பர் பஞ்சு என்று துப்புரவுக் கடைகளில் கிடைப்பதை வாங்கி, மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று சற்றே தொடும் நேர்கோடுகளாக இழுங்கள், தேய்க்காதீர்கள். பஞ்சின் முகம் கறுத்ததும் வேறு பக்கம் திருப்புங்கள், எல்லாப் பக்கமும் கறுத்தால் மேற்புறத்தைச் சீவி எறியுங்கள். உதிர்ந்த தூளை ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பது) உள்ள வேக்குவம் கிளீனரால், பிரஷ் இல்லாமல், பரப்பைத் தொடாமல் உறிஞ்சுங்கள். இவ்வளவும் முடிந்த பின்புதான் வெதுவெதுப்பான சோப்பு நீர். சமையல் தீயின் கரி எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அதற்கும் கூரைவரை படிந்த கனத்த கரிக்கும் தொழில்முறை ஆட்களை அழைப்பதே சிக்கனம்.

வேலை முழுவதும் என்95 தரத்திலான முகக்கவசம், கையுறை, கண்ணாடி, முழுக்கை ஆடை கட்டாயம். பழைய வீடுகளில் கூரைத் தகட்டிலோ குழாய் உறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்றால், பரிசோதனை முடியும் வரை எதையும் உடைக்காதீர்கள். காற்றைச் சுற்றவிடும் ஏசி, மத்திய வெப்பமூட்டல் ஆகியவற்றை ஓட்டாதீர்கள். அவை கரியைத் தீ படாத அறைகளுக்கும் கொண்டுபோகும்.

பி.வி.சி. வயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருப்பதால் படியும் கரி அமிலத்தன்மை கொண்டது. உலோகத்தை அது நாட்களுக்குள் அரிக்கும். குழாய் முகப்புகள், பாத்திரங்கள், கருவிகள் ஆகியவற்றைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். டிவி, கம்ப்யூட்டர் போன்றவை எரியாமல் இருந்தாலும் ஸ்விட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே படிந்த ஈரக் கரி மின்சாரத்தைக் கடத்தும்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

உணவில் தயக்கம் வேண்டாம். வெப்பமோ புகையோ தண்ணீரோ பட்டவை, பிரிக்காத பாக்கெட்டுகள் உட்பட, போக வேண்டியவைதான். உப்பிய டின்களும் அப்படியே. தீ படாத அறையிலிருந்த பிரிட்ஜாக இருந்தாலும் மின்சாரம் 4 மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால் கெடக்கூடியவற்றை விடுங்கள். சூடு பட்ட மருந்துகளையும் சாப்பிடக்கூடாது.

துணிகளை முதலில் வெளியே உதறி, காற்றாட விட்டு, பிறகு துவையுங்கள். புகை வாடை முற்றிலும் போகும் வரை இஸ்திரி போடாதீர்கள், எந்திரத்தில் சூடாக உலர்த்தாதீர்கள். சூடு வாடையை இழையில் நிலைக்கச் செய்துவிடும். நனைந்த பத்திரங்களையும் புகைப்படங்களையும் பிரிக்க முயன்றால் கிழியும். உறைகளில் இட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டால் கெடுவது நிற்கும். வல்லுநரைத் தேட அவகாசம் கிடைக்கும். எதைக் காப்பாற்றலாம் என்று ஒரே நாளில் முடிவெடுக்கத் தேவையில்லை, குறிப்பாக இறந்தவர்களின் நினைவாக வைத்திருந்தவற்றைப் பற்றி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். நமக்குக் கருகிய பொம்மையாகத் தெரிவது அவர்களுக்கு அப்படி இருக்காது.

திரும்பக் குடியேறும் முன்

தீ பட்ட பகுதி மட்டுமல்லாமல் முழு வீட்டின் வயரிங்கையும் எலக்ட்ரீஷியன் சோதித்திருக்க வேண்டும். சுவருக்குள் ஓடும் வயரின் உறை, தீ தொடாத இடத்திலும் வெப்பத்தில் நொறுங்கியிருக்கலாம். தீ பார்த்த ஹீட்டரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம். புகைபோக்கியை ஆள் வைத்து உள்ளே பார்த்த பிறகே கணப்பை மூட்டுங்கள். தீயின்போது ஒலித்த புகை அலாரங்கள் கடமையைச் செய்திருந்தாலும், அவற்றின் உணரிகளில் கரி படிந்திருக்கும். எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, பட்டனை அழுத்தி ஓசையைக் கேட்ட பிறகு, அந்த வீட்டில் முதல் இரவைத் தூங்குங்கள்.